4200 சிசி, 130 குதிரை: ஒரு "சோம்பேறி" என்ஜினின் கதை

1/
மக்களே, இன்னிக்கு சுகர் இல்லை, பிரஷர் இல்லை. வண்டி பத்திப் பேசலாம்.

போன வாரம் ட்யூட்டி ரூம்ல ஒரு தம்பி, ஹவுஸ் சர்ஜன், போன்ல ஒரு வண்டி விவரத்தைக் காட்டிச் சிரிச்சார். "சார், 4200 சிசி, ஆறு சிலிண்டர், டீசல். பவர் வெறும் 130 ஹெச்பி. எங்க அப்பாவோட க்ரெட்டா டர்போ 1500 சிசில 160 எடுக்குது. இதை எதுக்கு சார் உலகம் பூரா தலையில வெச்சு ஆடறாங்க?"

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வாங்க.

2/
அவர் காட்டினது டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 70 வரிசை. உள்ளே இருக்கிற என்ஜின் பேரு "1ஹெச்இசட்". 1990ல வந்தது. டர்போ கிடையாது.

ஐ.நா. வண்டின்னு செய்தியில வெள்ளையா, முன்னாடி உயரமான ஆன்டெனாவோட ஒண்ணு காட்டுவாங்களே, அதுல பாதிக்கு மேல உங்க ஞாபகத்துல இருக்கிறது இந்தக் குடும்பம்தான். 70 வரிசை வந்தது 1984ல. நாற்பது வருஷம் தாண்டியும் அதே முகத்தோட விக்கிறாங்க.

3/
முதல்ல கணக்கைப் பார்த்துடலாம்.

குதிரைத்திறன்னா இழுவையை வேகத்தால பெருக்கி வர்ற எண். டாக்டர் பாஷையில சொல்றேன். இதயம் ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி ரத்தம் தள்ளுது. நிமிஷத்துக்கு 72 துடிப்பு. பெருக்கினா 5 லிட்டர். என்ஜினுக்கும் அதே கதை: ஒரு சுத்துல எவ்வளவு பலம், நிமிஷத்துக்கு எத்தனை சுத்து.

4/
இந்த 4200 சிசி என்ஜினோட இழுவை சுமார் 280 நியூட்டன் மீட்டர். க்ரெட்டா டர்போ 253. பார்த்தீங்களா, இழுவையிலயும் பெரிய வித்தியாசம் இல்லை. தம்பி சிரிச்சதுல தப்பே இல்லை.

இப்ப அதை லிட்டருக்கு வகுத்துப் பாருங்க. லேண்ட் க்ரூஸர், லிட்டருக்கு 67. க்ரெட்டா, லிட்டருக்கு 170 பக்கம். அதாவது சின்ன என்ஜினோட ஒவ்வொரு சிசியும் இரண்டரை மடங்கு அழுத்தத்துல வேலை செய்யுது.

ரெண்டு பேரும் ஒரே மூட்டையைத் தூக்குறாங்க. ஒருத்தர் பல்லைக் கடிச்சுட்டுத் தூக்குறார். இன்னொருத்தர் பேசிக்கிட்டே தூக்குறார். முழு பலத்துல நாள் பூரா, வருஷம் பூரா தூக்கச் சொன்னா முதல்ல யாருக்கு முதுகு போகும்?

5/
இந்த யோசனை ஒரு நாள்ல வரலை. 1951க்குப் போகணும்.

கொரியப் போர் நேரம். ஜப்பானில் காவல் படைக்கு ஜீப் மாதிரி வண்டி வேணும்னு தேவை வந்தது. டொயோட்டாவுக்குப் புதுசா ஜீப் என்ஜின் செய்ய அவகாசமும் இல்லை, காசும் இல்லை. கையில் இருந்தது லாரிக்குப் போட்டுட்டு இருந்த ஆறு சிலிண்டர், 3.4 லிட்டர் பெட்ரோல் என்ஜின். "பி" என்ஜின்னு பேரு. 85 ஹெச்பி. அதைத் தூக்கி ஒரு சின்ன ஜீப் உடம்புல வெச்சாங்க. அதான் "டொயோட்டா ஜீப் பிஜே".

6/
ஒப்பிட்டுப் பாருங்க. இரண்டாம் உலகப் போரை ஓட்டின வில்லிஸ் ஜீப்போட என்ஜின் 2.2 லிட்டர், 60 ஹெச்பி. நம்ம ஊர்ல மஹிந்திரா ஆரம்பிச்சதும் அதே வில்லிஸ் ஜீப்பைத்தான்.

1951 ஜூலையில டொயோட்டாவோட டெஸ்ட் டிரைவர் இச்சிரோ தைரா அந்த பிஜேயை ஃபூஜி மலையோட ஆறாவது நிலையம் வரைக்கும் ஏத்திக் காட்டினார். அதுக்கு முன்னாடி எந்த வண்டியும் அந்த உயரம் ஏறினது கிடையாது. பார்த்த காவல் துறை ரோந்து வண்டியா எடுத்துக்கிட்டது. "ஜீப்"ங்கிற பேரு வில்லிஸோட வணிகப் பெயர் ஆனதால 1954ல பேரை மாத்தினாங்க: லேண்ட் க்ரூஸர்.

7/
கவனிங்க. இங்க பவர் அதிகமா இருந்த வண்டிதான் ஜெயிச்சது. ஆக "பவர் கம்மின்னா ஆயுசு அதிகம்"னு ஒரு சூத்திரம் மனசுல ஓடுச்சுன்னா இப்பவே அழிச்சுடுங்க. லாரியைச் சுமக்கப் பிறந்த என்ஜினை ஜீப் சுமக்கச் சொன்னாங்க. அதுதான் ரகசியம்.

நாங்க இதை ரிசர்வ்னு சொல்லுவோம். நல்ல இதயம்னா எவ்வளவு தள்ளுதுங்கிறது பாதிதான். தேவைப்பட்டா இன்னும் எவ்வளவு தள்ள முடியும்ங்கிறது மீதிப் பாதி. ஒரு கிட்னியைத் தானம் கொடுத்தவர் பல வருஷம் நல்லா இருக்கிறதும் இந்த ரிசர்வ் இருக்கிறதாலதான்.

8/
எதிர்ப்பக்கம் ஒரு உதாரணம் வேணும்ல? பிரிட்டன்.

லேண்ட் ரோவர், 1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில அறிமுகம். 1.6 லிட்டர், 50 ஹெச்பி. போருக்கு அப்புறம் இரும்புக்குப் பஞ்சம். அதனால உடம்பு அலுமினியக் கலவை. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியான்னு பிரிட்டிஷ் கொடி பறந்த இடமெல்லாம் போச்சு. பல நாட்டு மக்கள் வாழ்க்கையில முதல் முதலா பார்த்த மோட்டார் வண்டியே இதுதான்னு சொல்றது உண்டு.

பின்னாடி 2.25 லிட்டர் டீசல் வந்தது. 62 ஹெச்பி. இதைவிட சாது யாரும் இல்லை.

9/
ஆனா அந்த சாது க்ராங்கை உடைச்சுக்கும். நாலு சிலிண்டருக்கு க்ராங்கைத் தாங்க மூணே மெயின் பேரிங். டீசல் குத்துற குத்துக்கு அது போதலை. 1980லதான் அஞ்சு பேரிங் ஆக்கினாங்க. பின் ஆக்சில்ல இருக்கிற ஹாஃப் ஷாஃப்ட் உடையறது அந்தக் காலத்து லேண்ட் ரோவர்காரங்க எல்லாருக்கும் பழகின கதை. நீண்ட பயணம் போறவங்க ஸ்பேர் ஷாஃப்ட் ஒண்ணை வண்டியிலேயே போட்டுட்டுப் போவாங்க.

ஆக, கம்மி பவர் மட்டும் போதாது. அந்தக் கம்மி பவரையும் தாங்குற எலும்பு வேணும்.

10/
இந்த ரெண்டும் நேருக்கு நேர் மோதின இடம் ஆஸ்திரேலியா.

ஸ்னோயி மலைகள் நீர்மின் திட்டம், 1949ல ஆரம்பிச்சு 1974 வரைக்கும் நடந்தது. அணை, சுரங்கம், பனி, சேறு, பாறை. அதுல பெரிய ஒப்பந்தக்காரர் லெஸ்லி தீஸ். 1950களோட கடைசியில அவர் ஜப்பானிலிருந்து லேண்ட் க்ரூஸர்களை இறக்குமதி செஞ்சார். போர் முடிஞ்சு பதினஞ்சு வருஷம்கூட ஆகலை. ஜப்பான் பொருள்னாலே முகம் சுளிச்ச நாடு அது.

ஆனா மலை எந்த நாட்டு வண்டின்னு பார்க்காது. ஏறுதா, ஏறலையான்னுதான் பார்க்கும்.

11/
அப்ப லேண்ட் க்ரூஸர்ல வந்தது "எஃப்" என்ஜின். 3.9 லிட்டர், ஆறு சிலிண்டர், இதுவும் லாரி வம்சம். எதிர்ல லேண்ட் ரோவர்ல ரெண்டேகால் லிட்டர் நாலு சிலிண்டர். ஒரே மேட்டுல ஒண்ணு முக்கி முனகி ஏறும். இன்னொண்ணு தலையாட்டிக்கிட்டே ஏறும். அடுத்த இருபது வருஷத்துல ஆஸ்திரேலியாவோட பண்ணைகளும் சுரங்கங்களும் மெல்ல மெல்ல டொயோட்டா பக்கம் சாஞ்சுடுச்சு.

12/
இப்ப நம்ம 1ஹெச்இசட்டுக்கு வருவோம். அதை ஏன் உடைக்க முடியலைன்னு உள்ளே திறந்து பார்க்கலாம்.

ஒண்ணு: வார்ப்பிரும்பு பிளாக், ஆறு சிலிண்டர், க்ராங்குக்கு ஏழு பேரிங். லேண்ட் ரோவரோட மூணை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரெண்டு: டீசல் நேரா பிஸ்டன் மேல பாயாது. ஹெட்ல ஒரு குட்டி அறை இருக்கு, அங்க எரிய ஆரம்பிச்சு அப்புறம் கீழே வரும். பிஸ்டனுக்கு விழறது சம்மட்டி அடி இல்லை, ஒரு தள்ளு. இதனால கொஞ்சம் சூடு வீணாகும், மைலேஜ் குறையும். ஆனா பேரிங்கும் ராடும் நிம்மதியா இருக்கும்.

13/
மூணு: டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். இன்னிக்கு இருக்கிற காமன் ரெயில் என்ஜின்ல டீசல் 1600, 2000 பார் அழுத்தத்துல பாயுது. அந்த இன்ஜெக்டர் ஓட்டைகள் ரொம்ப மெல்லிசு. தண்ணி கலந்த டீசல், தூசி, மண்ணெண்ணெய் கலப்படம்னா அது தாங்காது. பழைய பம்ப் இதுல பத்துல ஒரு பங்கு அழுத்தத்துலதான் வேலை செய்யும். பாலைவனத்துல டிரம்ல வெச்சு விக்கிற டீசலைக் குடிச்சும் ஓடும்.

நாலு: வேகம். 3800 சுத்துல பிஸ்டன் சராசரியா நொடிக்கு 12.7 மீட்டர் ஓடும். ஆனா நிஜ வாழ்க்கையில இந்த வண்டி 2000 சுத்துலயே வேலையை முடிச்சுடும். அப்ப 6.7 மீட்டர்தான். தேய்மானம் எங்க வரும்?

14/
"அப்ப மேடு எப்படி ஏறும், டாக்டர்?"

நல்ல கேள்வி. நாலு வீல் டிரைவ் வண்டியில ரெண்டாவதா ஒரு கியர் லீவர் இருக்கும், பார்த்திருப்பீங்க. லோ கியர். அதைப் போட்டா இழுவை சுமார் இரண்டரை மடங்காகும், வேகம் அதே அளவு குறையும். சேத்துலயும் பாறையிலயும் நீங்க நடக்கிற வேகத்துலதான் போகப் போறீங்க. அங்க 160 குதிரையை அவிழ்த்து விட இடமே இல்லை. குதிரைத்திறன் தேவைப்படறது நாலுவழிச் சாலையில லாரியை ஓவர்டேக் பண்ண.

15/
இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச அத்தியாயம் இது.

1990ல டொயோட்டா இதே என்ஜினுக்கு ஒரு டர்போ தம்பியையும் இறக்கினாங்க. அதே பிஸ்டன் அகலம் 94 மில்லிமீட்டர், அதே ஸ்ட்ரோக் 100 மில்லிமீட்டர். ஆனா சும்மா டர்போவை மாட்டி விடலை. கம்ப்ரஷனை 22லிருந்து 18 பக்கம் குறைச்சாங்க. எரியற முறையை மாத்தினாங்க. பிஸ்டன் அடியில ஆயில் பீய்ச்சி குளிர வைக்க ஏற்பாடு செஞ்சாங்க. பவர் 165 பக்கம் போச்சு.

இவ்வளவு செஞ்சும் ஆரம்ப காலத் தம்பிகளுக்கு கனெக்டிங் ராடு பேரிங் சீக்கிரம் தேயற பிரச்சனை வந்தது. விஷயம் தெரிஞ்ச சொந்தக்காரங்க அதை முன்கூட்டியே மாத்திடுவாங்க.

16/
அதைச் சரி செஞ்சு செஞ்சு 1998ல அதே 4.2 லிட்டர்ல 200 ஹெச்பி வரைக்கும் கொண்டு வந்தாங்க. அதுவும் நல்லாவே உழைச்சது. பவரும் ஆயுசும் சேர்ந்து இருக்க முடியும். ஆனா பேரிங், பிஸ்டன், கூலிங், ஆயில், எல்லாத்துக்கும் விலை கொடுத்திருக்கணும்.

விலை கொடுக்காம பவர் மட்டும் கேட்டவங்களும் உண்டு. டர்போ இல்லாத அண்ணனை வாங்கி, வெளியில ஒரு டர்போ கிட் வாங்கி மாட்டி, டீசலைக் கூட்டி விட்டாங்க. ரெண்டு வருஷம் பறந்தது. அப்புறம் ஹெட்ல கீறல். சிலதுல பிஸ்டனே உருகிச்சு.

17/
இதை நாங்க வார்டுல பார்க்கிறோம். தைராய்டு அதிகமாகி மாசக்கணக்கா 130, 140 துடிப்புல ஓடுற இதயம், கடைசியில வீங்கித் தளர்ந்து போகும். குறை இதயத்துல இல்லை. ஓட்டுனவிதத்துல.

ஜிம்ல ஆறு மாசத்துல உடம்பு ஏத்தணும்னு ஊசி போட்டுக்கிட்டு வர்ற தம்பிகளையும் நினைச்சுப் பாருங்க. பேரிங் மாத்தாம டர்போ மாட்டற வேலைதான் அது.

18/
இந்த ஆயுசுக்கு ரத்தம் படிஞ்ச ஒரு பக்கமும் உண்டு. 1987, சாட் நாடு. லிபியாவோட டாங்குகளுக்கு எதிரா சாட் படை ஏவுகணை ஏத்தின டொயோட்டா பிக்கப்புகள்ல வந்தது. ஜனவரியில ஃபாடா, மார்ச்ல வாடி தூம், ரெண்டு இடத்துலயும் லிபியாவுக்குப் படுதோல்வி. உலகம் அதுக்கு வெச்ச பேரே "டொயோட்டா போர்". மருந்து ஏத்திட்டுப் போற வண்டியும் துப்பாக்கி ஏத்திட்டுப் போற வண்டியும் ஒரே காரணத்துக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்குது: நடு வழியில நிக்காது.

19/
நல்ல பக்கத்தையும் சொல்லணும். 2021 மார்ச்ல லேண்ட் க்ரூஸர் 78ஐ அடிப்படையா வெச்ச தடுப்பூசி குளிர்பதன வண்டி உலக சுகாதார நிறுவனத்தோட முன்தகுதிச் சான்று வாங்கிச்சு. பின்னாடி 396 லிட்டர் தடுப்பூசி ஃப்ரிட்ஜ். தடுப்பூசியை 2லிருந்து 8 டிகிரிக்குள்ள கொண்டு போகணும். ரோடு இல்லாத ஊருக்குப் போற வண்டி வழியில நின்னா, உள்ளே இருக்கிற மருந்து மெல்ல மெல்லத் தண்ணியா மாறிட்டு இருக்குன்னு அர்த்தம்.

20/
எனக்கு இது புத்தக விஷயம் மட்டும் இல்லை. சில வருஷம் முன்னாடி மலை மேல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்தேன். பிரசவம் முடிஞ்சு ரத்தப்போக்கு நிக்காத ஒரு அம்மாவை கீழே அனுப்பணும். ராத்திரி பதினொண்ணு. புது வண்டி, நல்ல பவர். அஞ்சாவது கொண்டை ஊசி வளைவுல மஞ்சள் லைட் எரிஞ்சது. என்ஜின் தன்னைக் காப்பாத்திக்க பவரைக் குறைச்சுக்கிச்சு. ஊர்ந்து ஊர்ந்து நின்னே போச்சு. ஏதோ ஒரு சென்சார்னு மறுநாள் தெரிஞ்சது.

எங்க நிலையத்துப் பழைய டீசல் ஜீப்பை எடுத்துட்டு டிரைவர் அண்ணன் வந்தார். நாற்பதைத் தாண்டாம ஓட்டினார். நான் பின்னாடி அந்த அம்மாவோட வயித்துல கர்ப்பப்பையை அழுத்திப் பிடிச்சுட்டே வந்தேன். போய்ச் சேர்ந்தோம். அவங்க பிழைச்சாங்க.

21/
இதைச் சொல்லிட்டு "பார்த்தீங்களா, பழசுதான் கெத்து"ன்னு முடிச்சா நிறைய லைக் வரும். ஆனா அது நேர்மை இல்லை.

ஒரு கேஸ் ரிப்போர்ட் ஆதாரம் ஆகாது. அதே ஜீப் மழைக்காலத்துல ஸ்டார்ட் ஆகாம நாங்க தள்ளின காலைகள் இருக்கு. பின்னால ஆக்சிஜன் சிலிண்டரைக் கயிறு போட்டுக் கட்டுற நிலைமை. இன்னிக்கு ஒரு முழுமையான ஆம்புலன்ஸ் அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொண்ணு: ரோட்டுல ஓடற 30 வயசு வண்டியைப் பார்த்து "அந்தக் காலத்து இரும்பு"ன்னு சொல்றோம். அதோட பொறந்து காயலான் கடைக்குப் போனதெல்லாம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. தொண்ணூறு வயசு பீடி தாத்தாவைக் காட்டி பீடி ஒண்ணும் செய்யாதுன்னு சொல்ற மாதிரிதான் இது.

22/
ஒரு டாக்டரா இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். இந்தப் பழைய என்ஜின்கள் விடற புகை சாதாரணம் இல்லை. 2012ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையை மனுஷனுக்குப் புற்றுநோய் தரும்னு உறுதியான முதல் பிரிவுல சேர்த்தது. நம்ம நாட்டுல 2020 ஏப்ரல் 1லிருந்து பாரத் ஸ்டேஜ் 6. அந்த விதிக்குள்ள 1ஹெச்இசட் மாதிரி என்ஜின் நுழையவே முடியாது. நுழையவும் கூடாது. சென்சாரும் ஃபில்டரும் நம்மளைக் கடுப்பேத்த வந்ததில்லை. நம்ம பிள்ளைங்க நுரையீரலுக்காக வந்தது.

23/
அதனாலதான் 2007ல ஆஸ்திரேலியாவுல 70 வரிசைக்கு 4.5 லிட்டர் எட்டு சிலிண்டர் டர்போ டீசல் வந்தது. இழுவை 430. இப்ப அதுவும் போய் 2.8 லிட்டர் நாலு சிலிண்டர், இழுவை 500. பழைய ஆளுங்க "நாலு சிலிண்டரா?"ன்னு முகம் சுளிக்கிறாங்க. 1950கள்ல அவங்க தாத்தா "ஜப்பான் வண்டியா?"ன்னு சுளிச்ச அதே முகம். தாங்குமா, தாங்காதான்னு தீர்ப்பு சொல்ல இருபது வருஷம் ஆகும்.

24/
தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

வண்டி நின்னா மெக்கானிக் எவ்வளவு தூரத்துல இருக்கார்? அரை மணி நேரத்துல வருவார்னா பவர், மைலேஜ், சுத்தமான புகை, ஏர்பேக், எல்லாம் இருக்கிற புது வண்டியை எடு. ரெண்டு நாள் ஆகும்னா, தன் பலத்துல பாதியை எப்பவும் கையிருப்பா வெச்சுக்கிற வண்டியை எடு.

எதை எடுத்தாலும் ஆயிலை நேரத்துக்கு மாத்து. சாகாத என்ஜின்னு பேர் வாங்கின 1ஹெச்இசட்டுக்கே டைமிங் பெல்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. கணக்கு வெச்சு மாத்தலைன்னா அறுந்து வால்வோட உயிர் போயிடும். ஐ.நா. வண்டிகள் அவ்வளவு நாள் ஓடறதுல பாதிப் புகழ் அந்த சர்வீஸ் நோட்டுக்குத்தான் சேரணும்.

25/
கடைசியா உங்களுக்கு. நாற்பது வயசு தாண்டியாச்சா? போன வருஷம் பிபி, சுகர் பார்த்தீங்களா?

"எனக்கு ஒண்ணும் இல்லை டாக்டர், நல்லா ஓடிட்டு இருக்கேன்"னு சொல்வீங்க. பெல்ட் அறுந்து போற நிமிஷம் வரைக்கும் என்ஜினும் நல்லாத்தான் ஓடும்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாப் பார்ப்பாங்க. இந்த வாரமே ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க.